மாதாவின் முகத்தைப் பிரித்தவள்

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயரிட்டு எழுதுகிற அளவுக்கு மரியாதை கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பலெர்மோவில் இருந்த காலத்தில் முகத்துக்கு நேரே அவளை ‘சிஞ்ஞோரா’, அதாவது அம்மணி, என்று கூப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால் நானும் எங்கள் ஊர் றீற்றா அக்காவும் வைத்த பெயர் ‘கத்தரிக்கோல்’. இரண்டாவதுதான் அவளுக்குப் பொருத்தம்.

ஒடிசலான உடம்பு. நரைத்த தலைமயிரை ஆண்களைப்போல ஒட்ட வெட்டியிருப்பாள். கழுத்தில் சங்கிலி இல்லை, காதில் தோடு இல்லை, விரலில் மோதிரம் இல்லை. நகை போட்டால் பழைய சீலையில் மாட்டி நூலை இழுத்துவிடுமாம். நூதனசாலையில், அதாவது அருங்காட்சியகத்தில், பழைய துணிகளைப் பழுதுபார்ப்பது அவளுடைய வேலை. ஒரேத்தோவில் இருந்த அவளுடைய வீட்டில் தங்கி வீட்டுவேலை செய்தேன். காலையில் அவளோடு நூதனசாலைக்கும் போவேன். அங்கே கூட்டித் துடைப்பது, வாளி தூக்குவது, பஞ்சு பிழிவது, சீலையைச் சுருட்டும்போது மறுநுனியைப் பிடிப்பது எல்லாம் என் பாடு.

வேலையறைக் கதவைத் திறக்குமுன்னே “கையைக் காட்டு” என்பாள். காலை வணக்கமெல்லாம் கிடையாது. நான் பல்லரோ சந்தையில் மீன் வாங்கி, கறிவைத்து, கையால் சாப்பிடுகிறவள். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் மஞ்சள் நிற்கும். என் விரலைப் பிடித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவாள்.

“இது என்ன?”

“மஞ்சள், சிஞ்ஞோரா. சாப்பாட்டுக்குப் போடுவது.”

“துணியில் பட்டால் சாயம்தான். போய்க் கழுவு.”

கழுவிவிட்டு வந்தால் தலையைப் பார்ப்பாள். தேங்காயெண்ணெய் வாசம் வந்தால் தலையைத் துணியால் கட்டச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் பேன் பார்க்கிற தாதிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவேன்.

அவள் பொய் சொல்லமாட்டாள். இப்படி எழுதினால் எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைப்பீர்கள். கூட இருந்து பார்த்திருந்தால் தெரியும். முதல் வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு மினக்கெட்டுக் கொக்கிஸ் பலகாரம் சுட்டு, அழகான தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தாள். “எண்ணெய் அதிகம். அடுத்த முறை எனக்கு வேண்டாம்” என்றாள். மேல்மாடிக் கிழவி பிறந்த பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து “எப்படி இருக்கிறான் என் ராசா?” என்று கேட்டாள். இவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு “காது பெரிது” என்றாள். கிழவி அதற்குப் பிறகு மின்தூக்கியில் இவளைக் கண்டால் படியால் ஏறிப்போவாள்.

இல்லாததை இருக்கிறதென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆறுதலுக்கும் வராது, பழக்கத்துக்கும் வராது. ஏதோ வயிற்றெரிச்சலில் அப்படிப் பேசுகிறாள் என்றால்கூடப் பொறுத்திருப்பேன். வயிற்றெரிச்சலும் இல்லை. கடைக்காரன் மீனின் நிறையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அடுத்த வருடம் நூதனசாலைக்கு ஒரு அராத்ஸோ வந்தது. அராத்ஸோ என்றால் நூலிலேயே படம் நெய்து, சுவரை மூடத் தொங்கவிடுகிற பெரிய சீலை. ஒரு கன்னியர் மடத்துக்குச் சொந்தமானது. மாதா மலைநாட்டுக்குப் போய் எலிசபெத்தம்மாளைச் சந்திக்கிற காட்சி. இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் மலை, காலடியில் பூ, பூவுக்குள்ளே ஒரு முயல். நெய்து பல நூறு வருடமாகிவிட்டது என்றாள் சிஞ்ஞோரா.

எலிசபெத்தம்மாளின் முகம் நெய்தபடியே இருந்தது. மாதாவின் முகத்தை எந்தக் காலத்திலோ எலி தின்றதோ ஈரம் தின்றதோ, பழைய கன்னியர்கள் வேறு துணியில் ஒரு முகம் தைத்து அந்த இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தார்கள். உருண்டைக் கன்னம், சின்ன வாய், கொஞ்சம் மாறுகண். ஊரில், மன்னார்ப் பேசாலையில், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது. பார்த்த உடனேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

றீற்றா அக்காவும் நூதனசாலையில்தான் துப்புரவு வேலை செய்தா. ஒருநாள் வேலையறைக்குள் எட்டிப் பார்த்தவ, மேசையில் விரித்திருந்த மாதாவைக் கண்டதும் சும்மா இருப்பாவா? மாதாவின் பாதத்தைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தி செய்து, திரும்பவும் தொட்டா. எங்கள் ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தானே செய்வோம்.

“கையை எடு!”

அவள் போட்ட சத்தத்தில் வாளி என் கையிலிருந்து நழுவியது. றீற்றா அக்கா என் பக்கம் திரும்பினா.

“என்னடி இவள்? மாதாவைத் தொட்டுக் கும்பிட்டாலும் குற்றமோ?”

“விடுங்கோ அக்கா. அவளுக்கு அதுகள் விளங்காது.”

“விளங்காதவள் என்னத்துக்கு மாதாவில கை வைக்கிறாள்?”

அந்தக் கேள்வி எனக்குச் சரியாகத்தான் பட்டது. சிஞ்ஞோரா அன்று முழுக்க அந்தப் பாதத்தில் காய்ந்த பஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். மனித விரலில் எண்ணெய் இருக்கிறது, கும்பிடுகிறவர்களின் விரலில் இன்னும் அதிகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பிறகுதான் முகத்தைப் பிரிக்கப்போகிறேன் என்றாள். ஒட்டுத்துணி தைத்த நூல் தடித்த நூலாம். அது சுற்றியுள்ள பழைய நெசவை இழுத்துக் கிழிக்கிறதாம். உண்மைதான். எலிசபெத்தம்மாளின் கைப்பக்கம் நூல் அறுந்துபோயிருந்ததை நானே கண்ணால் கண்டேன். உண்மை என்பதற்காக ஒருத்தியை வெறுக்கக் கூடாதென்று சட்டமா இருக்கிறது?

மடத்துத் தாயார் செய்தி கேட்டு ஓடிவந்தா. கூன் விழுந்த வயதான கன்னியாஸ்திரி. மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினா.

“பெண்பிள்ளையாக மடத்துக்கு வந்த நாளிலிருந்து இந்த முகத்தைப் பார்த்துத்தான் செபித்தேன், மகளே. என் தாய் செத்தபோது இந்த முகத்தைப் பார்த்துத்தான் அழுதேன்.”

“நீங்கள் செபித்தது ஒட்டுத்துணியைப் பார்த்து” என்றாள் இவள். “அது இந்த மாதாவுடைய முகம் இல்லை. யாரோ பிறகு வைத்தது.”

“அப்படியென்றால் இவளுடைய முகத்தை வையுங்களேன்.”

“இவளுடைய முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

தாயார் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா. அந்த நேரம் இவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல எனக்குக் கை துறுதுறுத்தது. இவள் சின்னக் கத்தரிக்கோலையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தையலாக வெட்டி, ஒவ்வொரு நூலாக இழுத்தாள். உருண்டைக் கன்னம் தளர்ந்து ஒருபக்கம் தொங்கியது. கடைசியில் முகம் முழுதாகக் கழன்று வந்தது. கீழே ஒன்றுமில்லை, ஓட்டைதான். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்த ஓட்டைக்குப் பின்னால் மணல் நிறத்தில் சாயம் போட்ட வெறுந்துணியை வைத்து மெல்லிய நூலால் கோடு கோடாகத் தைத்தாள். அவ்வளவுதான். எலிசபெத்தம்மாள் வாயெல்லாம் சிரிப்பாக முகமில்லாத ஒருத்தியை வரவேற்றுக்கொண்டு நின்றா. “முகம் வேண்டுமென்றால் பார்க்கிறவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளட்டும். நான் வைக்கமாட்டேன்” என்றாள். எங்கள் பங்குப் பெண்கள் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அவளைக் கரித்துக் கொட்டினார்கள். நானும் என் பங்குக்குக் கொட்டினேன்.

ஆனால் அவளை நான் விட்டுப்போக முடியாது. என் மகள் வரவேண்டியிருந்தது.

நான் இத்தாலிக்குப் புறப்பட்டபோது மகள் மடியில் இருக்கிற பிள்ளை. மன்னாரில் என் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தேன். பிள்ளையின் அப்பா கடற்றொழில். அவரும் பிறகு வருவதாக இருந்தது. ஒருநாள் போர்கோ வெக்கியோவில் றீற்றா அக்கா வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. தொழிலுக்குப் போனவரைக் கரையில் சூடுபட்ட உடம்பாகத்தான் கண்டார்களாம். யார் சுட்டது என்று எவரும் வாய் திறக்கவில்லை. அடக்கமும் முடிந்துவிட்டது. தங்கச்சி பிள்ளையிடம் “அப்பா பெரிய கப்பலிலை வேலைக்குப் போட்டார்” என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். வேறென்ன சொல்வாள்? இழவுச் செய்தியைத் தூரத்தில் இருக்கிறவருக்கும் நோயாளிக்கும் பிள்ளைக்கும் மறைத்துத்தான் நாங்கள் பழக்கம்.

பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால் வேலை ஒப்பந்தம் வேண்டும், இருக்க இடம் வேண்டும். இரண்டுக்கும் சிஞ்ஞோராதான் கையெழுத்துப் போட்டாள். அனுமதி கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் என்னோடு வரிசையில் நின்றாள். பொலிஸ்காரன் திரும்பத் திரும்ப அலைக்கழித்தபோது அவனோடு சண்டை பிடித்தாள். அதற்காக அவளை நல்லவள் என்று சொல்ல நான் தயாரில்லை. கோணலாகக் கிடக்கிற எதைக் கண்டாலும் அவளுக்குக் கை சும்மா இராது, அவ்வளவுதான்.

விமானநிலையத்தில் என்னை அடையாளம் தெரியாமல் ஒதுங்கி நின்ற பிள்ளை முதன்முதலாகக் கேட்டது இதுதான்.

“அப்பான்ர கப்பல் இஞ்சையோ வரும்?”

“ஓம் குஞ்சு. இஞ்சைதான் வரும்” என்றேன்.

அந்த ஒரு சொல்லில்தான் பிள்ளை என் கையைப் பிடித்தது. அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? நான் நிறச் சட்டைகளே போட்டேன், தாலியைக் கழற்றவில்லை. அவருடைய வருட பூசையை “ஓர் ஆன்மாவுக்காக” என்று பெயர் சொல்லாமல் ஒப்புக்கொடுத்தேன். பங்கில் உள்ள சனம் முழுவதும் எனக்காக அந்தக் கப்பலைத் தாங்கிப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் றீற்றா அக்கா வீட்டுக்குப் போனால் துறைமுகம் கிட்டே. பிள்ளை வாசலில் நின்று நேப்பிள்ஸ் கப்பலையும் சார்தீனியாக் கப்பலையும் பார்க்கும். “அப்பான்ர கப்பல் இதைவிடப் பெரிசு, என்ன பெரியம்மா?” என்று கேட்கும். “பின்னை என்ன! அது சமுத்திரத்திலை ஓடுறது” என்பா றீற்றா அக்கா. ஒருவரும் சொதப்பவில்லை. எனக்குப் பயம் ஒரே ஒருத்தியிடம்தான்.

பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த வேளை சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவள் உங்களிடம் கேட்டால் கப்பல் வரும் என்று சொல்லுங்கள். ‘வரலாம்’ என்றாவது சொல்லுங்கள்.”

“அவள் கேட்காவிட்டால் நான் வாய் திறக்கமாட்டேன்” என்றாள். “கேட்டால், கப்பல் இருக்கிறதென்று சொல்லமாட்டேன்.”

“அவள் சின்னப்பிள்ளை, சிஞ்ஞோரா.”

“அதனால்தான்.”

“உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.”

நோகட்டும் என்றுதான் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு “இல்லை, எனக்குப் பிள்ளை இல்லை” என்றாள். கூட வாழ்கிறவளை நோகடிக்கக்கூட முடியாவிட்டால் என்ன செய்வது?

அதற்குப் பிறகு இருவரையும் தனியே விடாமல் காவல் காத்தேன். ஒரே வீட்டில் அது நடக்கிற காரியமா? பிள்ளைக்கு அவளைப் பிடித்துப்போனதுதான் கொடுமை. கப்பல் படம் கீறிக்கொண்டு போய்க் காட்டும். நான் என்றால் “ஆ, என்ர ராசாத்தி, என்ன வடிவு!” என்பேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு “புகை இந்தப் பக்கம் போகிறது, கொடி அந்தப் பக்கம் பறக்கிறது. காற்று எந்தப் பக்கம்?” என்று கேட்பாள். பிள்ளை என் மெச்சலை விட்டுவிட்டு அவளிடம் போய் உட்கார்ந்து அழித்து அழித்துக் கீறும்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்த ஒருநாள் வேறு வழியில்லாமல் பிள்ளையையும் நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளையின் கையையும் பார்த்துக் கழுவ வைத்தாள். நான் தொட்டியில் பஞ்சு பிழிந்துகொண்டிருந்தேன். பிள்ளை, இன்னும் வேலை முடியாமல் மேசையில் கிடந்த மாதாவின் சீலைக்குக் கிட்டே நின்று இத்தாலிய மொழியில் கேட்டது. அதற்குள் என்னைவிட நன்றாகப் பேசப் பழகியிருந்தது.

“இவவின் முகத்தை யார் எடுத்தது?”

“நான்.”

“ஏன்?”

“அது அவளுடையது இல்லை. முகம் இல்லாமல் போனதைப் பார்க்க முடியாமல் யாரோ வைத்துவிட்டார்கள்.”

“இஞ்சை வாம்மா, அம்மாவுக்குப் பஞ்சு எடுத்துத் தாங்கோ” என்று கூப்பிட்டேன். பிள்ளை அசையவில்லை.

“சிஞ்ஞோரா, என் அப்பாவின் கப்பல் இருக்கிறதா?”

அவள் ஊசியைக் குத்தி வைத்தாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள். எனக்கு இடம் விட்டாள் என்பதை நான் மறைக்கவில்லை. அந்த இடத்தில் நான் தமிழில் சொன்னேன்:

“ஓம் குஞ்சு, கப்பல் வரும். அம்மா சொல்லுறன்தானே.”

பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

“இல்லை” என்றாள் அவள். “கப்பல் இல்லை.”

“அப்பா எங்கே?”

“அதை உன் அம்மா சொல்வாள். அவளுக்குத் தெரியும்.”

நான் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, ஈரக் கையோடு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை அழுதால் கட்டிப்பிடிக்கலாம் என்று பார்த்தேன். அழவில்லை. என் கையை விலக்கிவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தது. சிஞ்ஞோரா பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஊசியை எடுத்தாள். அப்போது நான் தமிழில் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் கேட்டுக்கொண்டே தைத்தாள்.

நான் இப்போதும் சொல்கிறேன், அந்தக் கப்பலை விட்டிருக்கலாம். பிள்ளை வளர வளர அது தானாகவே தூரப்போய் மறைந்திருக்கும். எத்தனை குடும்பங்களில் அப்படித்தான் மறைந்தது. இவள் பிடித்து இழுத்ததில் கப்பலோடு நானும் போனேன். அன்றிலிருந்து நான் சொல்கிற ஒவ்வொன்றையும் பிள்ளை அவளிடம் கொண்டுபோய்க் காட்டத் தொடங்கியது.

“நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்று அம்மா சொல்கிறா. உண்மையா?”

“உண்மை.”

“ஊசி போட்டால் நோகாதாம். உண்மையா?”

“நோகும். கொஞ்ச நேரம்.”

என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நான் சொல்லும் வார்த்தை செல்லாக்காசாகிவிட்டது. “இந்த வீட்டை விட்டு வெளிக்கிடப்போறன் அக்கா” என்று றீற்றா அக்காவிடம் அழுதேன். “வெளிக்கிட்டு எங்கை போவாய்? இஞ்சை இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கிற நேரம். பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு” என்றா. இருந்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்து கிடந்தது. முன்னறையில் அவள் கடுதாசி வாசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் போய் நின்றது என் கண்ணில் பட்டது.

“சிஞ்ஞோரா, அம்மாவுக்கு என்னில் அன்பாம். அம்மா எப்போதும் சொல்கிறா. உண்மையா?”

துருவுகிற கை நின்றுவிட்டது. கன்னியாஸ்திரியின் கண்ணீருக்கு இளகாதவள், ஊசி நோகும் என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்கிறவள். தன் கண்ணால் காணாத எதையும் அவள் இருக்கிறதென்று சொல்லமாட்டாள். என்னில் அவள் எதைக் கண்டிருப்பாள்? கோபத்தைக் கண்டிருப்பாள், பொய்யைக் கண்டிருப்பாள். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் கடுதாசியை மடித்து வைத்தாள்.

“உண்மை” என்றாள். “நான் பார்த்திருக்கிறேன்.”

“எங்கே பார்த்தீர்கள்?”

“நீ வருவதற்கு முன்பு இந்த மேசையில் உட்கார்ந்து உனக்குச் சட்டை தைத்தாள். உன் அளவு அவளுக்குத் தெரியாது. ஒரே சட்டையைச் சின்னதாக ஒன்று, பெரியதாக ஒன்று, இன்னும் பெரியதாக ஒன்று தைத்தாள். தையல் நன்றாக இல்லை. ஆனால் தைத்தாள்.”

பிள்ளை குசினிக்குள் வந்து, பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகில் முகத்தை அழுத்தியது. வந்த நாளிலிருந்து ஒருநாளும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. நான் திரும்பாமல் தேங்காயைத் துருவத் தொடங்கினேன்.

கப்பலை இல்லையென்று சொன்னதைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன். நான் ஆயிரம் தரம் சொல்லியும் நம்பாத பிள்ளை, அவள் ஒருதரம் சொன்னதும் நம்பியதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.